கவிழ்த்து வைத்த தலைக்கவசம்

அந்தப் பெரியவர் தலைக்கவசத்தைக் கையில் வாங்கியதும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியில் சிறகு விரித்த கழுகு, விளிம்பெல்லாம் பித்தளை வரி, உச்சியில் கூர்முனை எல்லாம் இருந்தன. எதையும் பார்க்காமல், பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல், நடுவில் குழிந்த ஒரு துணித் தலையணைமேல் அதைக் கவிழ்த்து வைத்தார். விளக்கை இழுத்து உள்ளே ஒளி விழச் செய்தார். பிறகுதான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இவர் எப்பவும் இப்படித்தான் தொடங்குவாராம், மாமா. வெளிப்பக்கம் ஊருக்குக் காட்டச் செஞ்சது, உள்பக்கம் வேலைக்காகச் செஞ்சதுன்னு சொல்றார்" என்றாள் என் அக்கா மகள். அவள் ஜெர்மனியில், மாக்டபுர்க் நகரில் பொறியியல் படிக்கிறாள். அந்த ஒரு வாரம் எனக்குக் கண்ணும் காதும் நாக்கும் அவள்தான்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஹால்பர்ஷ்டாட் என்ற ஊருக்கு வெளியே, பழைய குதிரைக் கொட்டடி ஒன்றைப் பட்டறையாக மாற்றிய இடத்தில். நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு சிங்கம்.

நான்கு நாள் முன்பு டிரெஸ்டன் நகரின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். 1870களில் கட்டிய ஆயுதக் கிடங்கு அது. நீண்ட, சமச்சீரான, கண்டிப்பு முகம் கொண்ட கட்டடம். அதன் நடுவில் டேனியல் லிபெஸ்கிண்ட் என்ற கட்டடக் கலைஞர் எஃகும் கண்ணாடியுமாக ஒரு பெரிய ஆப்பை அறைந்து வைத்திருக்கிறார். 2011ல் திறந்தார்கள். 1945 பிப்ரவரி 13 இரவு முதல் குண்டுகள் விழுந்த திசையை அந்த ஆப்பின் கூர்முனை காட்டுகிறது. மேலே ஏறி நின்றால் நகரம் முழுவதும் தெரியும். வீரத்தைப் போற்றக் கட்டிய மாளிகையை நடுவில் பிளந்து, போர் என்ன செய்யும் என்று காட்டும் இடமாக அவர்களே மாற்றியிருக்கிறார்கள் என்பது என் மனத்தை நெடுநேரம் பிடித்து வைத்தது.

அங்கே ஒரு கண்ணாடிப் பேழையில் அந்தச் சிங்கத்தைக் கண்டேன். பொன்னிறத் தலைக்கவசம் ஒன்றின் உச்சியில் வெள்ளி நிறச் சிங்கம் எழுந்து நிற்கிறது. முன்னங்காலில் கேடயம், கேடயத்தில் சாக்சனி மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் ஆகஸ்டின் பெயரெழுத்துகள். சாக்சனியின் கார்டே ரைட்டர் என்ற காவல் குதிரைப்படை 1907 முதல் அணிவகுப்பு நாட்களில் தலையில் சூடிய கவசம் அது. ஒரு மனிதன் தலையில் சிங்கத்தைச் சுமந்துகொண்டு குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அழகுதான். அந்த அழகுக்கும் எதிரியின் குண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது ஏழே ஆண்டில் தெரியப்போகிறது என்று அதைச் செய்தவனுக்கோ அணிந்தவனுக்கோ தெரிந்திருக்காது.

அந்தப் பொன்னிறம் பொன்னல்ல, சாதாரணப் பித்தளையும் அல்ல. டோம்பாக் என்று குறிப்பில் எழுதியிருந்தது. செம்பு எண்பது விழுக்காட்டுக்கு மேலும் துத்தநாகம் குறைவாகவும் கலந்த உலோகம். இரவு அறைக்குத் திரும்பி அந்தச் சொல்லின் வேரைத் தேடினேன். டோம்பாக் ஐரோப்பாவுக்குப் போனது மலாய் மொழியிலிருந்து. மலாயில் 'தெம்பாகா' என்றால் செம்பு. அந்தத் தெம்பாகாவோ வடமொழித் தாம்ரத்திலிருந்து கடல் கடந்து போன சொல். நம் தாமிரமும் அதே குடும்பம். சாக்சனி மன்னரின் காவல் வீரன் தலையில் மின்னிய உலோகத்தின் பெயரும் திருநெல்வேலியில் ஓடும் தாமிரபரணியின் பெயரும் ஒரே வேரில் கிளைத்தவை என்று தெரிந்தபோது, அந்நிய ஊரின் குளிரில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

அருங்காட்சியக ஊழியர் ஒருவரிடம், இவற்றையெல்லாம் யார் பழுது பார்க்கிறார்கள் என்று அக்கா மகள் மூலம் கேட்டேன். தங்களுக்கென்று தனிப் பாதுகாப்பாளர்கள் இருப்பதாகச் சொன்னார். பிறகு சற்று யோசித்து, வெளியே தனியாகச் செய்பவர்கள் இப்போது மிகச் சிலர்தான் என்று சொல்லி ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். சிங்கம் என்னை அனுப்பி வைத்தது அப்படித்தான்.

ஹாலே வரை ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று. நவம்பர் மாதம். அறுவடை முடிந்த வயல்கள் கருத்துக் கிடந்தன. மேற்கே ஹார்ட்ஸ் மலைத்தொடர் நீலமாக எழுந்தது. ஹால்பர்ஷ்டாட்டை 1945 ஏப்ரல் 8 அன்று குண்டுவீச்சு எரித்தது. பழைய நகரின் பெரும்பகுதி அன்றே போயிற்று. மீண்டும் எழுப்பிய பேராலயமும், தப்பிப் பிழைத்த சில மரச்சட்ட வீடுகளும், பிற்காலத்து அடுக்ககங்களும் பக்கம் பக்கமாக நிற்கின்றன.

பட்டறைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் இருந்தது. புர்க்கார்டி ஆலயத்துக்கு அக்கா மகள் கூட்டிப் போனாள். கதவைத் திறந்ததுமே ஓர் ஒலி வந்து மார்பில் மோதியது. வெறுமையான கல் மண்டபம். நடுவில் சில குழாய்கள் மட்டும் கொண்ட ஆர்கன். அமெரிக்க இசைஞர் ஜான் கேஜ், கூடுமான வரை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று எழுதிய ஒரு படைப்பை இங்கே 639 ஆண்டு நீளத்துக்கு வாசிக்கிறார்கள். 2001ல் தொடங்கியது, 2640ல் முடியும். முதல் பதினேழு மாதம் மௌனம். அதன் பின் வந்த சுரங்கள் ஒவ்வொன்றும் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நீள்கின்றன. நான் கேட்டது நான் வருவதற்கு முன்பே ஒலித்துக்கொண்டிருந்தது, நான் போன பின்பும் ஒலிக்கும். காலத்தை இவ்வளவு நிதானமாகக் கையாளும் ஊரில் ஒரு பழைய தலைக்கவசத்துக்கு எட்டு மாதம் செலவிடும் மனிதர் இருப்பதில் வியப்பில்லை என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் வயது. முதலில் குதிரைச் சேணம் செய்யும் தொழில். சேணத்திலிருந்து தோல் கவசத்துக்கு வந்திருக்கிறார். சுவர் நெடுக மர அச்சுகள், மனிதத் தலை அளவில், ஒவ்வொன்றிலும் எண் எழுதி. மேசைமேல் ஊசிகள், மெழுகிட்ட லினன் நூல், மூங்கில் குச்சிகள், மென்தூரிகைகள். நான் எதிர்பார்த்த எந்தப் பாலிஷ் டப்பாவும் கண்ணில் படவில்லை.

கூர்முனை வைத்த தலைக்கவசத்தை பிரஷ்யாவில் 1842ல் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் மன்னர் கொண்டு வந்தார். காலாட்படைக்கும் டிராகூன் என்ற குதிரைப்படைக்கும் தோலில், கியூராஸியர் என்ற கனரகக் குதிரைப்படைக்கு உலோகத்தில். மாட்டுத்தோலை ஓக் மரப்பட்டை ஊறிய நீரில் பதனிட்டு, ஆவியில் இளக்கி, மர அச்சின்மேல் இழுத்துக் காயவைத்து, அதன்மேல் ஆளி விதை எண்ணெயும் புகைக்கரியும் கலந்த கறுப்பு மெருகைப் பல பூச்சாகப் பூசியிருக்கிறார்கள். பெரியவர் ஒரு டிராகூன் கவசத்தை என் கையில் கொடுத்தார். இறகுபோல் கனமற்றிருந்தது. ஒருகாலத்தில் கண்ணாடிபோல் பளபளத்த மெருகு இப்போது கோடையில் வற்றிய குளத்துச் சேறுபோல் வெடித்திருந்தது.

"இதைத் தொடமாட்டேன்" என்றார் அந்த வெடிப்பைக் காட்டி. "புது மெருகு பூசினால் ஒரு நாளில் புதிதாகிவிடும். அதோடு நூற்று இருபது வருஷம் போய்விடும்."

அப்படியானால் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். முதல் இரண்டு வாரம் தூசி மட்டும். மென்தூரிகையால் தட்டி, மெல்லிய துணி கட்டிய உறிஞ்சுகுழாயால் எடுக்கிறார். தண்ணீர் கிடையாது. கடையில் விற்கும் தோல் எண்ணெய் அறவே கூடாது, அது பழைய மெருகை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும். பின்பக்கத் தையல் விட்டிருந்தால் பழைய ஊசித்துளைகள் வழியாகவே மெழுகு நூலைச் செலுத்துகிறார், புதிய துளை ஒன்றுகூடப் போடுவதில்லை. தோல் சுருங்கி வாய் கோணியிருந்தால், ஈரம் பக்கத்தில் மட்டும் இருக்கும்படி மூடிய பெட்டிக்குள் பல நாள் வைத்து, கொஞ்சம் இளகியதும் ஓரளவு சிறிய அச்சில் ஏற்றி, அடுத்த வாரம் அதைவிடப் பெரிய அச்சில் ஏற்றி, மெல்ல மெல்லக் கொண்டு வருகிறார். உள்ளே வியர்வைப் பட்டையின் தோல் செம்பொடியாக உதிரும் நோய் ஒன்று உண்டு. பழைய தோல் புத்தகக் கட்டுகளில் விரல் வைத்தால் சிவப்பாக ஒட்டுமே, அதேதான். அதற்கு ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் பசையைத் தூரிகை நுனியால் விட்டு உதிர்வை நிறுத்துகிறார்.

பித்தளைத் தகடு தோலைத் தொடும் இடங்களில் பச்சை மெழுகுபோல் ஏதோ பிதுங்கி நின்றது. தோலில் இருக்கும் கொழுப்பும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்து உண்டாக்கும் களிம்பு அது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி அதைச் சுரண்டி எடுத்தார். உலோகக் கருவி எதுவும் இல்லை. தகட்டைத் துலக்குவதும் இல்லை.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவோம் என்று சொன்னேன். விளக்கு மங்கிக் கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்பாள் அம்மா. அக்கா மகள் அதை மொழிபெயர்த்ததும் பெரியவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அந்த விளக்கில் இப்போதும் எரிகிறதா?" எரிகிறது என்றேன். "அப்படியானால் துலக்க வேண்டியதுதான். அது இன்னும் வேலையில் இருக்கிறது. இவை ஓய்வு பெற்றுவிட்டன." பிறகு ஓர் அதிகாரியின் தலைக்கவசத்தில் இருந்த கழுகை எடுத்துக் காட்டினார். பாதரசத்தில் பொன்னைக் கரைத்துப் பூசி, நெருப்பில் பாதரசத்தை ஆவியாக்கி ஒட்டவைத்த பொன் அது. பொடி மணல் தூவியதுபோல் மங்கிய மஞ்சள். ஒரு சிறகில் மட்டும் யாரோ ஒருவர் எப்போதோ பாலிஷ் துணியால் தேய்த்துப் பார்த்திருக்கிறார். அந்த விரலகல இடம் வெறும் பித்தளையாகப் பளிச்சிட்டது. பொன் அங்கே மீண்டு வராது.

அடையாளம் காணும் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவர் குரலே மாறிவிட்டது. எனக்கும் இந்த இடத்தில்தான் மனம் ஒன்றியது. நாற்பது ஆண்டு வரலாறு கற்பித்தவன் நான். சான்று என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவன். ஆனால் ஒரு பொருளை இப்படி ஒரு மனிதர் விசாரித்து நான் பார்த்ததில்லை.

தூரத்திலிருந்தே ஒருபாதி தெரிந்துவிடும். தலைமேல் சதுரப் பலகை வைத்ததுபோல் இருந்தால் அது ஈட்டிப்படையான உலான்களுடையது. போலந்திலிருந்து வந்த வடிவம், பெயரும் போலந்துச் சொல்லே, சாப்கா. மயிர்த்தொப்பியாக இருந்தால் ஹுஸார். அதில் மண்டையோடும் குறுக்கெலும்பும் இருந்தால் டான்ட்சிக் நகரில் இருந்த இரண்டு மெய்க்காவல் ஹுஸார் படைகள், அல்லது பிரவுன்ஷ்வைக் ஹுஸார். பவேரியாவின் கதையே வேறு. அங்கே இரண்டாம் லுட்விக் மன்னர் இருந்தவரை உச்சியில் கம்பளிப்புழு ஊர்வதுபோல் மயிர்க்கொண்டை வைத்த கவசத்தை விடவில்லை. அவர் 1886 ஜூனில் இறந்தார், அதே ஆண்டு கூர்முனை அங்கேயும் வந்துவிட்டது. இங்கோல்ஷ்டாட் நகரில் டான்யூப் கரைக் கோட்டைக்குள் இருக்கும் பவேரிய ராணுவ அருங்காட்சியகத்தில் அந்தப் புழுக் கவசங்களைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தப் பயணத்தில் எனக்கு வாய்க்கவில்லை.

சிக்கல், ஒரே மாதிரி தோன்றும் தோல் கவசங்களில். டிராகூன் கவசத்துக்கு முன்விளிம்பு சதுரமாக வெட்டியிருக்கும், கூர்முனையின் அடித்தகடு சிலுவைபோல் நான்கு கை நீட்டியிருக்கும். காலாட்படைச் சிப்பாயுடையதில் விளிம்பும் வட்டம், அடித்தகடும் வட்டம். குதிரைப்படைப் பொருளுக்குச் சந்தையில் விலை கூடுதல் என்பதால் காலாட்படைக் கவசத்தில் டிராகூன் கழுகைப் பொருத்தி விற்பவர்கள் உண்டு. அதற்குத்தான் கவிழ்த்துப் பார்ப்பது.

முகப்புத் தகட்டின் பின்னால் இரண்டு வளையக் கண்கள் இருக்கும். அவை தோலில் இட்ட இரு துளைகள் வழியே உள்ளே வரும். உள்ளிருந்து சிறு தோல் ஆப்பு செருகி இறுக்குவார்கள். ஒவ்வொரு வகைக் கழுகுக்கும் அந்தக் கண்களின் இடைவெளி வேறு. ஆகவே உள்ளே இரண்டுக்கு மேல் துளை இருந்தால் தகடு மாறியிருக்கிறது. பழைய துளையின் விளிம்பு தேய்ந்து, கறுத்து, உருண்டிருக்கும். புதிய துளையில் தோலின் வெளிர் நிறம் தெரியும். "காது குத்தின துளை மாதிரி. சின்ன வயசுல குத்தினதா, போன மாசம் குத்தினதான்னு பார்த்தாலே தெரியும்ல?" என்று அக்கா மகள் தன் பங்குக்குச் சேர்த்தாள். அவர் சொன்னதா, இவளாகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. சரியாக இருந்தது.

அடுத்தது நிறவட்டு. தாடைப்பட்டை சேரும் இடத்தில் காதோரம் வைக்கும் வண்ண வட்டு. பிரஷ்யாவுக்குக் கறுப்பு வெள்ளை, பவேரியாவுக்கு வெள்ளை நீலம் என்று நாட்டுக்கு நாடு வேறு. 1897 மார்ச்சில், முதலாம் வில்ஹெல்ம் பேரரசரின் நூற்றாண்டு நாளில், பேரரசு முழுமைக்குமான கறுப்பு வெள்ளை சிவப்பு வட்டை வலப்பக்கம் வைக்கச் சொல்லி, நாட்டு வட்டை இடப்பக்கம் தள்ளினார்கள். ஆக ஒரு கவசத்தில் எத்தனை வட்டு, எந்தப் பக்கம் என்பதே காலக் குறிப்பு. வட்டைக் கழற்றி மாற்றுவது எளிது என்பதால் இதை மட்டும் வைத்து அவர் தீர்ப்புச் சொல்வதில்லை.

கடைசிச் சான்று முத்திரை. பிடரிக் காப்பின் அடியில், தோலிலோ உலோகத்திலோ குத்தியிருக்கும். எந்தப் படை, எத்தனையாவது ரெஜிமெண்ட், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு. ராணுவத் துணிமணிக் கிடங்கின் இரண்டு எழுத்தும் ரோமானிய எண்ணும் இருந்தால் எந்தப் படைத்தொகுதி என்பதும் தெரியும். நான்கு என்றால் மாக்டபுர்க். முத்திரையே இல்லை என்றால் அது அதிகாரி சொந்தக் காசில் வாங்கியதாகவோ, ஓராண்டு மட்டும் பணி செய்து தன் சீருடைச் செலவைத் தானே ஏற்ற வசதியான வீட்டுப் பிள்ளையுடையதாகவோ இருக்கலாம். போலி முத்திரையும் குத்துகிறார்களே என்றேன். பூதக்கண்ணாடியை நீட்டினார். உண்மை முத்திரையில் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் பழைய அழுக்கு படிந்திருக்கும், வெடிப்பு எழுத்தைத் தாண்டிக் குறுக்கே ஓடும். காய்ந்த தோலில் இன்று குத்தினால் எழுத்தின் ஓரம் நொறுங்கும்.

இத்தனையும் அவர் விளக்கியது ஒரு கியூராஸியர் கவசத்தை மேசையில் கவிழ்த்து வைத்தபடிதான். தொடக்கத்தில் சொன்னேனே, அதே கவசம். எஃகு. பிடரிக் காப்பு இறால் வாலைப்போல் பின்னோக்கி வளைந்து இறங்கியது. இடது நெற்றிக்கு மேல் கட்டைவிரல் நுழையும் அளவு ஒரு நசுங்கல். அதன் சொந்தக்காரர் சற்று நேரத்தில் வருவதாக இருந்தது.

ஹால்பர்ஷ்டாட்டில் முகாமிட்டிருந்தது ஏழாம் கியூராஸியர் ரெஜிமெண்ட். வெள்ளைச் சட்டை, மஞ்சள் கழுத்துப்பட்டை. பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் அணிந்த சீருடையும் இதே படையுடையதுதான். பிரான்ஸோடு நடந்த போரில், 1870 ஆகஸ்ட் 16, மார்ஸ்லாதூர் போர்க்களத்தில் ஃபான் பிரெடோ என்ற தளபதி இந்தப் படையையும் பதினாறாம் உலான்களையும் சேர்த்துச் சுமார் 800 குதிரை வீரர்களோடு பிரெஞ்சுப் பீரங்கி வரிசைமேல் பாய்ந்தார். பீரங்கிகள் வாயடைத்தன. கிட்டத்தட்டப் பாதிப்பேர் திரும்பவில்லை. சாவுச் சவாரி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஃபெர்டினாண்ட் ஃபிரைலிகிராத் என்ற கவிஞர் அன்றைய மாலையில் குண்டு துளைத்த எக்காளம் ஒன்றைப் பற்றிக் கவிதை எழுதினார். இந்த வட்டாரத்துப் பழைய குடும்பங்களில் அந்தச் சவாரியில் போன ஒரு கொள்ளுத்தாத்தாவாவது இருப்பார் என்றார் பெரியவர். "எண்ணிப் பார்த்தால் 800 அல்ல, எட்டாயிரம் பேர் போயிருக்க வேண்டும்." சொல்லும்போது அவர் முகத்தில் ஏளனம் இல்லை. பரிவுதான் இருந்தது.

அந்த அம்மாள் வந்தார். பக்கத்து ஊரான குவெட்லின்புர்க்கிலிருந்து. ஐம்பது வயது இருக்கும். ஈரக் குடையை வாசலிலேயே வைத்துவிட்டு, எங்களுக்கும் வணக்கம் சொல்லி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தாத்தாவின் தாத்தா மார்ஸ்லாதூரில் இதை அணிந்திருந்தார், நசுங்கல் பிரெஞ்சு வாளால் ஆனது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர். அப்பா இறந்த பிறகு பரணிலிருந்து இறக்கியிருக்கிறார்.

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. கவசத்தை அவர் பக்கம் திருப்பி, விளக்கைச் சரித்து, பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தார். பிடரிக் காப்பின் உள்விளிம்பில் கியூராஸியர் என்பதற்கான எழுத்து. ஏழு. அதன் கீழே 1896.

பட்டறையில் சற்று நேரம் எந்தப் பேச்சும் இல்லை. எனக்கு நெஞ்சு கனத்தது. ஒரு குடும்பம் நான்கு தலைமுறையாகப் பொத்திவைத்த ஒன்றை நான்கு இலக்கம் பறித்துவிட்டதே என்று நினைத்தேன். அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து எடுத்து மீண்டும் பார்த்தார்.

பெரியவர் நிதானமாகப் பேசினார், அக்கா மகள் என் காதில் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். படை உண்மை. ரெஜிமெண்ட் உண்மை. அரசுச் சொத்து என்பதால் 1870ல் அந்த முன்னோர் அணிந்ததைத் திருப்பிக் கொடுத்திருப்பார், வீட்டுக்குக் கொண்டு வந்திருக்க முடியாது. இது அடுத்த தலைமுறையுடையது. அவருடைய மகனும் அதே படையில் சேர்ந்திருக்கலாம். 1918 நவம்பரில் படைகள் கலைந்தபோது பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். வாள் வெட்டு எஃகில் நீளமான கோடாக விழும். இது வட்டமான நசுங்கல், குதிரைக் குளம்போ, கல்லில் விழுந்ததோ. "உங்கள் வீட்டுக் கதையில் இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள்" என்றார்.

அந்த வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. இதைச் செய்வது குடும்பங்கள் மட்டுமல்ல. 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசு அறிவிக்கப்பட்ட காட்சியை அன்டோன் ஃபான் வெர்னர் என்ற ஓவியர் பல முறை தீட்டினார். அன்று பிஸ்மார்க் அணிந்திருந்தது நீலச் சீருடை. 1885ல் பிஸ்மார்க்கின் எழுபதாம் பிறந்தநாளுக்காகத் தீட்டிய மூன்றாம் ஓவியத்தில் அவர் வெள்ளைக் கியூராஸியர் சட்டையில் கூட்டத்தின் நடுவே பளிச்சென்று நிற்கிறார். 1884ல் பெற்ற பதக்கம் 1871லேயே அவர் கழுத்தில் தொங்குகிறது. பாடநூல்களில் உலகம் முழுவதும் அச்சாகும் படம் அதுதான். நானே அதை வகுப்பில் காட்டியிருக்கிறேன்.

"1914ல் இதை யாராவது போருக்கு அணிந்து போனார்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

போனார்கள். பளபளப்பு தெரியாமலிருக்கத் துணி உறை மாட்டி, கூர்முனையோடு. ஆகஸ்ட் 12 அன்று பெல்ஜியத்தின் ஹாலன் என்ற சிற்றூரில் ஜெர்மன் குதிரைப்படை பழைய வழக்கப்படி பாய்ந்தது. எதிரே குதிரையை விட்டிறங்கிய பெல்ஜியர்களின் துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும். மாலையில் வயலெங்கும் எஃகுக் கவசங்கள் சிதறிக் கிடந்தன. பெல்ஜியர்கள் அந்தச் சண்டையை இன்றும் வெள்ளித் தலைக்கவசங்களின் போர் என்றே அழைக்கிறார்கள். 1916ல் கூர்முனையில்லாத சாம்பல் எஃகுக் கவசம் வந்தது. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் கைப்பற்றிய கூர்முனைக் கவசங்களைக் கப்பலில் ஏற்றிப் போய், போர்க் கடன்பத்திரம் வாங்குவோருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1919ல் நியூயார்க் நகரத் தெருவில் அவற்றை மலையாகக் குவித்து நிறுத்திய புகைப்படத்தைப் பெரியவர் சுவரில் மாட்டியிருந்தார். ஒரு கோபுரத்துக்குச் சுமார் 12,000. தொலைவிலிருந்து பார்த்தால் செதில் செதிலாக ஒரே விலங்கின் உடல்போல் இருக்கிறது. ஒவ்வொரு செதிலுக்கும் கீழே ஒரு தலை இருந்தது என்று தோன்றியதும் அதிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

நசுங்கலை எடுத்துவிடவா என்று பெரியவர் அந்த அம்மாளிடம் கேட்டார். அச்சில் ஏற்றி, தோல் போர்த்திய சுத்தியால் உள்ளிருந்து தட்டினால் இரண்டு நாள் வேலை. தன் விருப்பம் என்ன என்று அவர் சொல்லவில்லை. அந்த அம்மாள் கட்டைவிரலை நசுங்கலில் வைத்துப் பார்த்தார். சிறு வயதில் பரணில் ஏறி அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்திருப்பார் போலும். விரல் அவ்வளவு பழக்கமாகப் போய் உட்கார்ந்தது.

"வேண்டாம்" என்றார்.

துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் அகற்றி, மெழுகு ஒரு பூச்சு கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது. கணக்குச் சீட்டு எழுதும் முன் பெரியவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கண்ணாடித் தட்டை வெளியே வைத்தார். அதில் விரலகலத்தில், நீளவாக்கில் நான்காக மடித்த செய்தித்தாள் துண்டு. வியர்வைப் பட்டைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. கவசம் தலைக்குத் தளர்வாக இருந்தால் சிப்பாய்கள் அப்படித் தாளை மடித்துச் செருகிக்கொள்வார்களாம். தாள் தேயிலை நிறத்துக்கு மாறி, ஒரு முனை வியர்வையில் கறுத்திருந்தது.

பழைய கோதிக் எழுத்து. அக்கா மகளால் படிக்க முடியவில்லை. அந்த அம்மாளும் சில சொற்களில் தடுமாறினார். பெரியவர் தட்டை விளக்குக்கு அருகே நகர்த்தி எழுத்துக் கூட்டிப் படித்தார். குளிர்காலத்துக்கான உருளைக்கிழங்கு, மூட்டைக் கணக்கில், வீட்டுக்கே கொண்டு வந்து தரப்படும். அதன் கீழே பாதியில் கிழிந்த வரி, ஏதோ ஒரு கடைத் தெருவின் பெயர்.

"அவருக்குத் தலை சிறியதாக இருந்திருக்கிறது" என்றார் அந்த அம்மாள். குரல் தழுதழுத்தது. "என் தம்பிக்கும் அப்படித்தான். எந்தத் தொப்பியும் நிற்காது."

தாளை என்ன செய்யட்டும் என்று பெரியவர் கேட்டார். சட்டமிட்டுத் தரலாம், தனி உறையில் இட்டுத் தரலாம். அந்த அம்மாள் தலையசைத்து மறுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்றார். பெரியவர் மூங்கில் குச்சியால் பட்டையை மெல்ல விலக்கினார். இன்னொரு கையால் அந்தத் துண்டை எடுத்து, பழைய மடிப்பு மாறாமல், உள்ளே செருகினார்.